மருதானையில் விடியச்சாமம் மூன்று மணிக்குச் சுடுசோறு

கொழும்பு மருதானை ரயில் நிலையத்திலிருந்து பஞ்சிகாவத்தைப் பக்கம் போகும்போது, மோட்டார் உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே ஓர் ஒழுங்கை இறங்கும். அதில் மூன்றாவது கதவு இந்தச் சாப்பாட்டுக் கடை. ஆறு மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, சுவரில் தொழுகை நேர அட்டை. வருடத்தில் பதினொரு மாதம் இது மத்தியானச் சோறு விற்கிற சாதாரணக் கடைதான். நோன்பு பிடித்த அன்றே கடை தலைகீழாகிவிடும். பகல் முழுக்கக் கதவு பூட்டு. பின்னேரம் நாலு மணிக்குக் கஞ்சிக்கும் சமோசா, ரோல்ஸ் போன்ற சோட்டீட்ஸுக்கும் திறப்பார்கள், நோன்பு திறக்கிற நேரத்தோடு மூடுவார்கள். தராவீஹ் என்கிற நோன்பு மாத இரவுத் தொழுகை முடிந்து வந்து அடுப்பு மூட்டி, நோன்பு தொடங்கு முன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டுக்காக இரவு இரண்டரைக்கு மறுபடி திறப்பார்கள். ஐந்து மணிக்குச் சற்று முன்னர் கதவு இறங்கும்.

நான் எழுதப் போவது முக்கியமாக அந்த இரண்டரை மணிக் கடையைப் பற்றி. பெயரைப் போடவில்லை. போடட்டுமா என்று முதலாளி நானாவிடம் (நானா என்றால் அண்ணன்) கேட்டேன். "பேர் போட்டா சனம் கூடும் தம்பி. இந்த மாசம் எங்களுக்கு இவ்வளவுதான் சமாளிக்க ஏலும்" என்றார். அதனால் வழியை மட்டும் சொல்லியிருக்கிறேன். மூன்று மணிக்கு அந்த ஒழுங்கையில் வெளிச்சம் இருக்கிற கதவு இது ஒன்றுதான், தவறவிட முடியாது.

எனக்கு நோன்பு இல்லை. நான் சைவ சமயம். ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை, ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. இரவு வேலை செய்கிற ஆட்களுக்குக் கொழும்பில் சாப்பாடு என்பது பெரிய பிரச்சினை. வீட்டில் ஏழு மணிக்குக் கட்டிக்கொண்டு போகிற சோறு இந்தப் புழுக்கத்தில் மூன்று மணிக்குப் பழுதாகிவிடும். பிஸ்கட்டும் பிளாஸ்கில் ஆறிய தேத்தண்ணியும்தான் மிச்சம். எங்கள் களஞ்சியத்துக்கு எட்டிய தூரத்தில் இரவு மூன்று மணிக்குப் புதுச்சோறு, சுடச்சுட, வீட்டுச் சமையல் மாதிரி கிடைப்பது நோன்பு மாதத்தில் மட்டும்தான். 2018இல் எங்கள் போர்க்லிப்ட் ஓட்டுகிற முஸ்லிம் பொடியன் ஒருவன்தான் என்னை முதன்முதலில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். அன்றிலிருந்து இரவு முறை நோன்போடு சேர்ந்து வருகிற கிழமைகளுக்காக நான் காத்திருக்கிறேன்.

உள்ளே போனால் முதலில் காதில் விழுவது வானொலி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவை மெல்லிய சத்தத்தில் போய்க்கொண்டிருக்கும். அடுத்தது சோற்றுப் பானை மூடியைத் திறக்கிற சத்தம். வாசல் பக்கத்து மேசையில் ஒரு பொடியன் பார்சல் கட்டுகிறான். பழைய பத்திரிகைத் தாள், அதன் மேல் லஞ்ச் சீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாள், அதன் மேல் சோறு. ஒரு பீங்கான் கோப்பையால் அளந்து கவிழ்க்கிறான். கோப்பையின் வடிவம் சோற்றில் அப்படியே நிற்கும். பருப்பை நடுவில் ஊற்றமாட்டான், பக்கத்தில் ஒரு குழி பண்ணி அதற்குள் ஊற்றுவான். கோழித்துண்டு இரண்டு, குழம்பு வேறாக ஒரு சின்னப் பையில். கீரைச் சுண்டல் ஒரு கை. கடைசியாக ஒரு வாழைப்பழம், கட்டிய பார்சலின் வெளியே, ரப்பர் வளையத்துக்குள் செருகி. முழு வேலையும் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. அந்த நேரத்தில் அவன் யாரோடும் கதைக்கமாட்டான், ஏனென்றால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், எல்லோருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ருசியைப் பற்றிச் சொன்னால், முதல் வாயில் கொஞ்சம் சப்பென்று இருக்கும். உப்பு மட்டு, உறைப்பு மட்டு. முதல் வருடம் நான் இதை ஒரு குறையாகவே நினைத்து, கருவாட்டுப் பொரியலோ ஊறுகாயோ இல்லையா என்று கேட்டேன். நானா சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "உப்பு கூடினா பகலைக்குத் தண்ணித் தாகம் புடிக்கும் மகன். நோன்பாளிக்குச் சஹர்ல அதக் குடுக்கப்படாது." அதற்குப் பிறகு அந்தச் சோற்றை நான் வேறு மாதிரிச் சாப்பிடத் தொடங்கினேன். அந்த உப்புக் கணக்குக்குள் அடுத்த பதின்மூன்றரை மணித்தியாலம் இருக்கிறது. விடியச்சாமம் ஐந்து மணிக்குக் கிட்ட நிறுத்தினால், பின்னேரம் ஆறு இருபது கடந்த பிறகுதான் ஒரு மிடறு தண்ணீர். பஞ்சிகாவத்தையில் நாள் முழுக்க இரும்பு தூக்குகிறவன் சாப்பிடப் போகிற சோறு இது. வாழைப்பழமும் சும்மா வைக்கப்படவில்லை. கடையில் இருந்து சாப்பிடுகிறவர்கள் கடைசிப் பிடிச் சோற்றில் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு, பழத்தைப் பிசைந்து சாப்பிட்டு எழும்புகிறார்கள். நானும் ஒரு நாள் அப்படிச் சாப்பிட்டேன். இப்போது எப்போதும் அப்படித்தான். வயிறு அமைதியாக இருக்கிறது.

இந்தக் கடையை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துச் சொல்கிறேன் என்றால், நான் 2006 தொடக்கம் 2017 வரை சவூதியில், தம்மாமில் இருந்தவன். ஒரு நாடே நோன்புக்காகத் தன் நேரத்தைத் திருப்பி வைப்பதை அங்கே பதினொரு தடவை பார்த்தேன். தொழிற்சட்டத்தில் ரமழானில் முஸ்லிம் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம், கிழமைக்கு 36. எங்களைப் போன்ற மற்றவர்களுக்கு வழமையான 8. காலையில் தெரு செத்துப்போய்க் கிடக்கும். பகலில் சாப்பாட்டுக் கடை ஒன்றும் திறக்காது. பொது இடத்தில் நோன்பு இல்லாதவர்களும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, மீறினால் வேலை போகும், நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அரசாங்கம் எச்சரிக்கும். ஜூலை மாத வெயிலில் களஞ்சியத்துக்குள் ஒரு பெட்டிக்குப் பின்னால் போய் நின்று தண்ணீர் குடித்திருக்கிறேன். பயம் பாதி, பக்கத்தில் வேலை செய்கிற எகிப்துக்காரர் உதடு காய்ந்து நிற்கும்போது நான் குடிப்பதா என்ற வெட்கம் பாதி.

ஆனால் பொழுதுபட்டதும் அந்த நாடு கண் விழிக்கும். மஃரிபுக்குப் பத்து நிமிடம் முன்னர் சமிக்ஞை விளக்கடியில் இளைஞர்கள் நின்று, வீட்டுக்கு ஓடுகிற கார்களின் ஜன்னலுக்குள் பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் நீட்டுவார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் நீட்டுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, பழம், மோர், சம்பூசா, கப்ஸாச் சோறு, ஒரு கிளாஸ் விம்டோ. நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நீ என்ன சமயம் என்று ஒருவரும் கேட்டதில்லை. இரவு பத்து மணிக்குத்தான் கடைத்தெரு பிறக்கும். துணிக்கடை, பல் வைத்தியர், தலைமயிர் வெட்டுகிறவர், எல்லோரும் நடுச்சாமம் தாண்டி வேலை செய்வார்கள். இரவு ஒரு மணிக்குக் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் பிள்ளைகள் சைக்கிள் ஓடும். இரவு வேலைக்காரன் என்று தனியாக ஒரு சாதி அந்த மாதம் இல்லை. எல்லோரும் இரவு ஆட்கள்.

கொழும்பில் அப்படி இல்லை. இங்கே அலுவலகம் எட்டரைக்கென்றால் எட்டரைதான். அரச கந்தோர்களில் முஸ்லிம் உத்தியோகத்தர்கள் தொழுகைக்குப் போகிற மாதிரி வேலையை ஒழுங்கு செய்யச் சொல்லி நோன்புக்குச் சுற்றறிக்கை வரும், முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு லீவு உண்டு. அதற்கு வெளியே நகரம் தன் பாட்டுக்கு ஓடும். 138 பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் வடை சாப்பிட்டுக்கொண்டு வருவார், நோன்பு பிடித்தவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார். நாடு மாறாத இடத்தில் மாற வேண்டியது கடை. தம்மாமில் அரசாங்கமும் சட்டமும் செய்த வேலையை இங்கே ஒரு நானாவும் அவர் மனைவியும் இரண்டு மகன்மாரும் மூன்று வேலைக்காரப் பொடியன்களும் செய்கிறார்கள். மாதம் முழுக்க இரவு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அவர்கள் சேர்ந்தாற்போல் தூங்குவதில்லை. இதை நான் கண்ணால் கண்டு சொல்கிறேன்.

லீவு நாள் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையின் கூட்டம் அதைப் பொறுத்தே கூடிக் குறைகிறது.

நான் சவூதிக்குப் போனபோது அங்கே வார இறுதி வியாழனும் வெள்ளியும். எங்கள் கம்பெனியில் வியாழன் அரை நாள், வெள்ளி முழு நாள். வெள்ளிக்கிழமை தம்மாமில் சீகோ கட்டிடத்துப் பக்கம் போனால் நம் ஊர் முழுக்க அங்கே நிற்கும். காசு அனுப்புகிறவன், முடி வெட்டுகிறவன், ஊர்ப் புதினம் கேட்கிறவன். ஆனால் எனக்கு லீவான வெள்ளிக்கிழமை என் மகள் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அவளுக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை நான் களஞ்சியத்தில். 2013இல் மன்னர் அப்துல்லா கட்டளையிட்டு வார இறுதியை வெள்ளி, சனி என்று மாற்றினார். ஜூன் 29, சனிக்கிழமை, முதல் லீவு. வெளிநாட்டு வங்கிகளோடும் சந்தைகளோடும் சேர்ந்து வேலை செய்ய முன்னர் கிழமைக்கு மூன்று பொது நாள்தான், இனி நாலு என்று கணக்குச் சொன்னார்கள். என் கணக்கு வேறு. சனிக்கிழமை எனக்கும் மகளுக்கும் ஒரே நாளில் லீவு. தம்மாம் நேரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவள் மத்தியானம் சாப்பிட்டு எழும்புகிற நேரம் நான் காலைத் தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் உட்காருவேன். அந்த மாற்றம் வந்து பத்துப் பதினொரு நாளில் ரமழான் பிறந்தது, ஜூலை 10. அந்த நோன்பு மாதத்துச் சனிக்கிழமைகளில்தான் அவளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது வளைகுடாவிலும் ஒரே மாதிரி இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து அரச வேலைக்குச் சனி, ஞாயிறு லீவும் வெள்ளி அரை நாளும் என்று மாறிவிட்டது. சார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றுமே லீவு. என் மச்சான் சார்ஜாவில்தான் இருக்கிறார், அவரிடம் வெள்ளிக்கிழமை பின்னேரம் கதைத்தால் அவசரமே இருக்காது.

லீவு நாள் என்பது வானத்திலிருந்து விழுந்த ஒன்றல்ல என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அவர் மருதானை ரயில்வேயில் வேலை செய்தவர். 1966 முதல் 1971 வரை இலங்கையிலும் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாமல் போயிருந்தது. பிறையைப் பார்த்துத்தான் கிழமை. நிலவின் நாலு கட்டத்துக்கும் வருகிற நாலு போயா நாளும் வார லீவு, அதற்கு முதல் நாள் அரை நாள். நிலவு ஏழு நாளுக்குள் கச்சிதமாக அடங்காது, அதனால் சில கிழமை ஒரு நாள் கூடிவிடும். நாட்காட்டி பார்க்காமல் எவருக்கும் லீவு எப்போது என்று தெரியாது என்பார். நோன்பு மாதத்தில் நானாவின் கடையில் நின்று "இன்டைக்கு எத்தனையாவது பிறை?" என்று ஒருவருக்கொருவர் கேட்பதைக் கேட்கும்போது எனக்கு அப்பாவின் அந்தக் கதைதான் வரும்.

சரி, கடைக்கு வருகிறேன். சாதாரண நாளில் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கதவை இறக்கி ஜும்மாவுக்குப் போய், இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். இதைத் தெரியாமல் பன்னிரண்டரைக்குச் சோற்றுக்குப் போய் ஏமாந்தவர்கள் உண்டு, போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோன்பில் வெள்ளியும் சனியும் பின்னேரக் கூட்டம் மிக அதிகம். கிழமை நாளில் அலுவலகம் விட்டு ஓடிவந்து கஞ்சிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்துக் கூட்டாளிமாரோடு வந்து உட்காருவார்கள். சனிக்கிழமைக்கு மட்டும் சவன் சாப்பாடு செய்கிறார்கள். ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர், நடுவில் புரியாணி. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். வட்டிலப்பமும் சனி, ஞாயிறுதான். கித்துள் கருப்பட்டி போட்டது, ஏலக்காய் மணம் தூக்கலாக இருக்கும், முட்டை மணம் துளியும் இருக்காது. கொழும்பில் நான் சாப்பிட்ட வட்டிலப்பங்களில் இதற்கு மேல் இன்னும் ஒன்றைக் காணவில்லை.

கஞ்சியைப் பற்றி ஒரு விஷயம் கட்டாயம் எழுத வேண்டும். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. முதல் முறை பின்னேரம் போனபோது கேட்கத் தயங்கி நின்றேன். நோன்பு திறக்கிற அவசரத்தில் வந்து, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பது அவர்கள் மனதைத் தொட்டுவிடுமோ என்று. நானாவின் மனைவி என் கழுத்து நூலையோ நெற்றியையோ பார்த்திருக்க வேண்டும். நான் வாய் திறக்கு முன் "தம்பி, அந்தச் சட்டி உங்களுக்கில்ல. இந்தப் பக்கம் வாங்க" என்றார். இரண்டு சட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று இறைச்சிக் கஞ்சி. மற்றது தேங்காய்ப்பாலும் உள்ளியும் வெந்தயமும் ரம்பையும் மட்டும் போட்டது. அகப்பையும் இரண்டு. இறைச்சிச் சட்டியின் அகப்பைப் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. எவ்வளவு நெரிசலிலும் அந்த இரண்டு அகப்பையும் இடம் மாறி நான் பார்த்ததில்லை. 2025 மார்ச் 13, மெதின் போயா என்கிற பூரணை நாளன்று இறைச்சிக் கடைகள் பூட்டு. அன்று இரண்டு சட்டியிலும் தேங்காய்ப்பால் கஞ்சிதான், அகப்பை மட்டும் அன்றைக்கும் இரண்டு.

கஞ்சியை ஊற்றுகிற விதமும் பார்க்க வேண்டியது. மேலே நிற்கிற தெளிவை எடுக்காமல் அகப்பையை அடிவரை விட்டு ஒரு சுழற்று சுழற்றி எடுப்பார். அரிசி கரைந்தும் கரையாமலும், நாக்கில் மணி மணியாகப் படும். கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கும் ஒரே தடிப்பில் கிடைக்கும். ஆறு பத்துக்கு மேல் கடைக்குள் சத்தம் குறைந்துவிடும். மேசையில் ஒவ்வொருவர் முன்னும் கஞ்சிக் கோப்பை, ஒரு பேரீச்சம்பழம், ஒரு சமோசா. கை தொடாது. வானொலியில் பாங்கு தொடங்குகிறது. பழத்தை எடுத்து வாயில் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு சில நிமிடத்துக்குக் கரண்டி கோப்பையில் படுகிற சத்தம் மட்டும்தான். நானும் அந்த நேரம் வரை கோப்பையைத் தொடுவதில்லை. எவரும் அப்படிச் சொல்லவில்லை, தொட மனம் வராது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடைக்கு நான் நியாயம் செய்தவனாகமாட்டேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று இஸ்லாமியத் தீவிரவாதிகள் சிலர் நடத்திய குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதம் வந்த நோன்பில் கடை திறந்திருந்தது. வழமையாக மத்தியானச் சோற்றுக்கு வருகிற எங்கள் ஆட்கள் பலர் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. நானும் அந்த மாதம் போகவில்லை. பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் ஊரடங்கு, நோன்பு மாதம் முழுக்கக் கொழும்பு பூட்டிக் கிடந்தது. 2021இல் மறுபடி போய் வாசலில் நின்றபோது நானா "எங்க தம்பி, கண்டு ரெண்டு வருசம்" என்று மட்டும் கேட்டுவிட்டு இலையைப் போட்டார். அந்த 2019 நோன்பில் நான் போயிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

இனிக் குறைகள். முதலாவது, சுடுகஞ்சியை மெல்லிய பொலித்தீன் பையில் ஊற்றிக் கட்டிக் கொடுப்பது. கொதிக்கிற கஞ்சி, பை முடிச்சுக்கு மேலே ஊதிக்கொண்டு நிற்கும். உடம்புக்கு நல்லதில்லை, கையும் சுடும். நானாவிடம் மூன்று வருடமாகச் சொல்கிறேன். 2025 நோன்பில் சொந்தமாகப் பாத்திரம் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு அகப்பை கூட ஊற்றினார்கள். நல்ல தொடக்கம், ஆனால் பை இன்னும் போகவில்லை. நீங்கள் போனால் ஒரு கேரியர் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, பெண்களுக்கு இருந்து சாப்பிட இடமில்லை. பின்னேரம் பஞ்சிகாவத்தையில் வேலை முடிந்து போகிற பெண்பிள்ளைகள் வாசலில் நின்று பார்சல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாங்கு சொல்கிற நேரம் பஸ் தரிப்பிடத்தில் நின்று தண்ணீரால் நோன்பு திறந்த ஒரு பிள்ளையை நான் பார்த்தேன். பின்பக்க அறையில் இரண்டு மேசை போட முடியும். மகன்மாரிடம் சொன்னேன், அடுத்த நோன்புக்குப் பார்ப்போம் என்றார்கள். பார்க்க வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் பாரமானது. சஹருக்கு ஓட்டோவில் சாப்பாடு அனுப்புகிற சேவை ஒன்றை இரண்டு வருடமாக நடத்துகிறார்கள். போடிங்கில் இருக்கிற பொடியன்கள், இரவுக் காவலாளிகள், எங்களைப் போன்ற களஞ்சியக்காரர்கள். இரவு பத்து மணிக்கு முன் போனில் சொன்னால் மூன்றரைக்குள் வந்துவிடும். வழமையாக நேரம் தவறாது. நோன்பின் 27ஆம் இரவு தவறியது. அந்த இரவு பள்ளிவாசல்களில் விடிய விடியத் தொழுகை, தெருவெல்லாம் சனம், ஓட்டோ அகப்படவில்லை. எங்கள் ஏழு பார்சலும் வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது. போர்க்லிப்ட் பொடியன் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமுமாக நிய்யத்து (நோன்பு பிடிக்கிற எண்ணம்) வைத்து, அடுத்த நாள் முழு நோன்பையும் பிடித்தான். பார்சலைப் பிரித்துச் சாப்பிட என்னால் முடியவில்லை. அவன்தான் "நீங்க சாப்பிடுங்கண்ணே, வீணாக்கக் கூடாது" என்று கட்டாயப்படுத்தினான்.

மத்தியானம் மூன்று மணிக்கு நானா எங்கள் களஞ்சிய வாசலுக்கே வந்தார். அவரும் நோன்பு, வெயிலில் நடந்து வந்திருக்கிறார். நான் அன்றைக்கு இரட்டை முறை என்பதால் நின்றேன். ஏழு பார்சல் காசையும் எண்ணிக் கையில் வைத்தார். பொடியனிடம், "மகன், உங்கட சஹர் என்னால தவறிப்போச்சு. மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். சாட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டோ கிடைக்காததைக்கூட நாங்கள் பிறகுதான் மற்றவர்களிடமிருந்து அறிந்தோம். அடுத்த இரவு பார்சல் மூன்று மணிக்கே வந்தது, மூத்த மகன் தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். பிழை விட்ட கடை என்று எழுதுவேன், ஆனால் பிழையை இப்படி எடுத்துக்கொண்ட கடைக்காரரைச் சவூதியிலும் சரி இங்கும் சரி நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசிப் பத்து இரவுக்கு மட்டும் இன்னும் ஓர் ஓட்டோவை முன்கூட்டியே பேசி வைக்கத்தான் வேண்டும்.

விலை, 2025 நோன்பில் இருந்தபடி: கோழிச் சோற்றுப் பார்சல் 450 ரூபாய், மரக்கறி 300, கஞ்சி ஒரு கோப்பை 120, சமோசா 70, வட்டிலப்பம் துண்டு 200. ஓட்டோவுக்கு ஒரு பார்சலுக்கு 30 ரூபாய். நோன்பு மாதமென்று விலையைக் கூட்டவில்லை, மாசி மாதம் இருந்த அதே விலை. சமோசா சூட்டோடு நல்லது, ஐந்தரைக்கு மேல் வாங்கினால் எண்ணெய் இறங்கிவிடும். ரோல்ஸ் சுமார். இறைச்சிக் கஞ்சி பற்றி நான் சொல்ல முடியாது, அதற்குத்தான் வரிசை நீளம். சஹருக்குப் போகிறவர்கள் நாலு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் நோன்பாளிகள், அவர்களுக்கு நேரம் குறைவு, இடம் விட வேண்டும். நோன்பு இல்லாத நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும் மூன்று மணிக்கு முன்னரே சாப்பிட்டு எழும்பிவிடுவோம்.

கடைசியாக ஒன்று. இருபத்தொன்பதாவது நோன்பன்று கடை இரவு திறக்குமா என்பது கடைக்காரருக்கே தெரியாது. பிறை தெரிந்தால் அடுத்த நாள் பெருநாள், சஹர் இல்லை. தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு, நூறு பேருக்குச் சமைக்க வேண்டும். 2025இல் மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை அந்த நாள். கஞ்சிக்குப் போனபோது கோழி வாங்கியாயிற்றா என்று கேட்டேன். "பெரிய பள்ளியால அறிவிப்பு வரட்டும். கோழிக்காரனுக்குச் சொல்லி வெச்சிருக்கன், எட்டு மணிக்குப் போன் பண்ணுவன்" என்றார். அரிசி மட்டும் கழுவாமல் அளந்து வைத்திருந்தது. எனக்கு அன்று இரவு முறை. எட்டரைக்கு போர்க்லிப்ட் பொடியன் சிரித்துக்கொண்டு வந்து பிறை கண்டாச்சு என்று சொல்லி, லீவு கேட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று மணிக்குப் பிளாஸ்கைத் திறந்து பிஸ்கட்டோடு தேத்தண்ணி குடித்தேன்.

காலை ஆறு மணிக்கு முறை முடிந்து மருதானைப் பக்கம் நடந்து வந்தேன். தொழுகைக்குப் போகிறவர்கள் புதுச் சட்டையோடு தெருவில். ஒழுங்கைக்குள் கடைக் கதவு இறங்கியிருந்தது. பார்சல் கட்டுகிற பொடியன் வாசலில் நின்றான், சட்டையில் மடித்த கோடு இன்னும் கலையவில்லை. என்னைக் கண்டதும் உள்ளே ஓடிப்போய் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து தந்தான். மேலே லஞ்ச் சீட் போட்டு ரப்பர் வளையம் இட்டிருந்தது. வட்டிலப்பம், இன்னும் சூடு ஆறவில்லை.

"உங்களுக்கெண்டு உம்மா எடுத்து வெச்சது. கிண்ணம் பெறகு தாங்க" என்றான்.